ஆல்ட் விசையும் அரக்கோணம் லைனும்

சென்னைத் தொலைபேசி எண்கள் 7 இலக்கத்திலிருந்து 8 இலக்கத்துக்கு மாறியது பலருக்கு நினைவிருக்கும். பழைய எண்ணுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். டைரியில் எண்களை எழுதி வைத்திருந்தவருக்குப் பேனாவால் ஐந்து நிமிட வேலை. நலச்சங்கத்தின் உறுப்பினர் பட்டியலையோ கடையின் வாடிக்கையாளர் பட்டியலையோ கணினிக் கோப்பாக வைத்திருந்தவர் பாடுதான் திண்டாட்டம். அறுநூறு வரி இருந்தால் அறுநூறு தடவை கர்சரைக் கொண்டுபோய் எண்ணின் முன்னால் நிறுத்தி, 2 அடித்து, அடுத்த வரிக்கு இறங்க வேண்டும். சாதாரண ஃபைண்ட்-ரீப்ளேஸ் இங்கே கைகொடுக்காது. ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு என்னும்போது எதைத் தேடச் சொல்வது? எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நின்றால் மட்டும் ஒரு வழி உண்டு. விவரம் தெரிந்தவர் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மவுஸை நேர்க்கீழே இழுப்பார். மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து கீழாக விழும். 2 என்று ஒரே ஒரு தடவை அடிப்பார். அறுநூறு வரியிலும் ஏறிவிடும்.

இதுதான் நெடுவரிசைத் தேர்வு. புழக்கத்தில் காலம் செலக்‌ஷன், காலம் மோட், பிளாக் செலக்‌ஷன் என்று சொல்வார்கள். சாதாரணத் தேர்வு ஒரு வரியின் நடுவில் தொடங்கினால் அந்த வரியின் கடைசி வரை ஓடி, அடுத்த வரியின் தொடக்கத்திலிருந்து தொடரும். இது வரிகளை வெட்டிக்கொண்டு நேராகக் கீழே இறங்கும். திரையில் ஒரு செவ்வகம் தெரியும். கணினி வகுப்புகளில் இதை ஒரு குறுக்குவழியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். எங்கே நம்பலாம், எங்கே கையைக் கடிக்கும் என்று யாரும் சொல்வதில்லை. என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவுக் கட்டத்தில் உட்காரும் என்ற ஏற்பாடு உள்ள கோப்பில் இதற்கு இணையான கருவி இல்லை. அந்த ஏற்பாடு இல்லாத கோப்பில், குறிப்பாகத் தமிழில், அது காட்டும் செவ்வகம் பொய்.

வேப்பம்பட்டை வைத்துப் பார்க்கலாம். அரக்கோணம் மார்க்கத்தில் திருநின்றவூருக்கும் செவ்வாய்ப்பேட்டை ரோடுக்கும் நடுவே உள்ள ஸ்டேஷன். காலை லோக்கலில் ஏறுபவர்களில் ஒரு பகுதி அம்பத்தூர் எஸ்டேட்டில் இறங்கும், ஒரு பகுதி சென்ட்ரல் வரை போய் அங்கிருந்து அலுவலகங்களுக்குக் கலையும். பெருமாள்பட்டுப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்கு மாணவர்கள் எதிர்த்திசையில் வந்து இறங்குவார்கள். இந்த ஒரே நடைமேடையில் நிற்பவர்கள் அன்றாடம் தொடும் எழுத்துக் கோப்புகள் பல ஜாதி. பட்டறைக்காரரின் சிஎன்சி புரோகிராம் ஒன்று. வங்கி மென்பொருள் பார்ப்பவரின் கோபால் நிரல் இன்னொன்று. கணக்கர் தாக்கல் செய்யும் டிடிஎஸ் கோப்பு, ஜெராக்ஸ் கடையோடு சேர்ந்த டிடிபி கடையில் அடிக்கும் தமிழ்ப் பெயர்ப்பட்டியல் என்று அது நீளும். ஆல்ட் விசை எல்லாவற்றிலும் ஒன்றுதான். விளைவு ஒன்றல்ல.

விசைகளை முதலில் முடித்துவிடுவோம். இந்தப் பக்கத்தில் அதிகம் பார்க்கக் கிடைப்பது நோட்பேட் பிளஸ் பிளஸ். டான் ஹோ 2003-இல் வெளியிட்ட இலவச எடிட்டர். அதில் ஆல்ட் பிடித்து மவுஸை இழுக்கலாம், அல்லது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்த்து அம்புக்குறி விசைகளை அழுத்தலாம். 2015-இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோடில் ஷிஃப்ட்டும் ஆல்ட்டும் பிடித்து இழுக்க வேண்டும். விம் எடிட்டரில் கன்ட்ரோல்-வி, பிறகு பெரிய ஐ, பிறகு அடிக்க வேண்டியது, கடைசியில் எஸ்கேப். எஸ்கேப் தட்டும் வரை மாற்றம் முதல் வரியில் மட்டும்தான் தெரியும்; புதிதாகக் கற்பவர் பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடுவது இந்த இடத்தில்தான். விண்டோஸில் கன்ட்ரோல்-வி ஒட்டுவதற்குப் போய்விட்டால் கன்ட்ரோல்-க்யூ. ஈமாக்ஸில் கன்ட்ரோல்-எக்ஸ், பிறகு ஸ்பேஸ். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் ஆல்ட் பிடித்து இழுத்தால் செவ்வகம் விழும் என்பது வேர்டிலேயே காலம் தள்ளும் பலருக்குத் தெரியாது. விண்டோஸின் சாதா நோட்பேடில் இந்த வசதி இல்லை. எந்த எடிட்டரானாலும் வேர்ட் ராப்பை எடுத்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும்; நீண்ட வரி மடிந்து இரண்டாவது வரி போலத் தெரியும் இடத்தில் செவ்வகத்துக்கு அர்த்தமே கிடையாது.

இனி பட்டறை. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் திருமழிசைப் பக்கத்திலும் ஒன்றிரண்டு சிஎன்சி மெஷினை வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகள் உண்டு. மெஷினுக்குக் கொடுக்கும் புரோகிராம் வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் தலையிலும் என்10, என்20, என்30 என்று எண் போடுவது வழக்கம். நடுவில் பிறகு வரி சேர்க்க இடம் வேண்டும் என்றுதான் பத்துப் பத்தாகப் போடுகிறார்கள். நாலைந்து தடவை திருத்தியபின் எண்கள் குழம்பிவிடும். நோட்பேட் பிளஸ் பிளஸில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்துகொண்டு ஆல்ட்-சி அழுத்தினால் காலம் எடிட்டர் என்ற பெட்டி வரும். தொடக்க எண் 10, ஏற்றம் 10, முன்னால் பூஜ்யம் வேண்டும் என்று குறித்து ஓகே கொடுத்தால் 0010, 0020 என்று கடைசி வரி வரை நிரப்பிவிடும். பூஜ்யத்தைக் குறிக்காமல் விட்டால் 90-க்கு அடுத்து 100 வரும்போது எண்ணின் அகலம் மாறும். அடுத்த தடவை செவ்வகம் போடும்போது அது பிரச்சினை தரும். தேர்ந்த ஆபரேட்டர் பூஜ்யத்தோடுதான் போடுவார்.

வரியின் தலையில் எண் இருக்கும் வரை எல்லாம் சரி. அதைத் தாண்டி உள்ளே போனால் ஆபத்து. எக்ஸ் 5, எக்ஸ் 50, எக்ஸ் மைனஸ் 12.5 என்று அளவுகள் நீளம் மாறி மாறி வரும். மேலே பத்து வரி நேராக நிற்பதைப் பார்த்து நம்பிச் செவ்வகம் போட்டு அழித்தால், பதினோராவது வரியில் ஒரு தசமப் புள்ளி சேர்ந்து போய்விடக்கூடும். ஃபானுக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் புள்ளி உள்ள 50 என்றால் 50 மில்லிமீட்டர். புள்ளி இல்லாத 50 என்றால் மெஷினின் மிகச் சிறிய அலகில் 50, அதாவது 0.05 மில்லிமீட்டர். எழுத்துப்பிழை என்று மெஷின் நிற்காது. டூல் வேறு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். திருத்திய புரோகிராமை முதலில் டிரை ரன் விட்டு, பிறகு சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்ப்பது இந்த மாதிரிப் பிழைகளுக்கும் சேர்த்துத்தான்.

சிஎன்சி கோப்பு பார்வைக்கு நெடுவரிசை, உண்மையில் இல்லை. கோபால் நேர்மாறு, அங்கே நெடுவரிசைதான் சட்டம். 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த 80 நெடுவரிசைத் துளை அட்டையிலிருந்து வந்த சட்டம் அது. முதல் 6 இடம் வரிசை எண்ணுக்கு. 7-ஆவது இடம் அடையாளக் குறிக்கு: அங்கே நட்சத்திரக் குறி விழுந்தால் அந்த வரி வெறும் குறிப்பு, கம்பைலர் தாண்டிப் போய்விடும். 8 முதல் 11 வரை ஒரு பகுதி, 12 முதல் 72 வரை நிரலின் உடல். 73 முதல் 80 வரை என்ன எழுதினாலும் கணக்கில் வராது. முப்பது வரியைத் தற்காலிகமாக முடக்க வேண்டுமா? 7-ஆவது நெடுவரிசையில் முப்பது நட்சத்திரம். நெடுவரிசைத் தேர்வுக்கென்றே பிறந்த வேலை. மெயின்ஃப்ரேமில் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு மவுஸ் இல்லாமலே இந்தப் பழக்கம் உண்டு. காலம்ஸ் கட்டளை கொடுத்தால் வரிக்கு மேலே அளவுகோல் ஒன்று வரும். சேஞ்ச் கட்டளையில் எந்த இடம் முதல் எந்த இடம் வரை என்று எண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் மாற்றம் அந்த எல்லைக்குள்தான் நடக்கும்.

2000-ஆம் ஆண்டுப் பிரச்சினைக்காகச் சென்னையில் தெருவுக்குத் தெரு கோபால் கற்றுக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பிரச்சினையே ஒரு நெடுவரிசைப் பிரச்சினைதான். ஆண்டுக்கு இரண்டு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதை நான்காக்கினால் அந்தப் பதிவில் அதற்கு வலப்புறம் உள்ள எல்லாமே இரண்டு இடம் தள்ளிப்போகும். அந்தக் கோப்பைப் படிக்கும் எல்லா நிரலும் மாற வேண்டும். திருத்தம் ஒன்று, நகர்வு ஓராயிரம். நிலையான அகலக் கோப்பின் பலமும் பலவீனமும் அதே இடத்தில் இருக்கின்றன. இன்றும் வங்கிகளுக்கு இடையே தவணைப் பணம் பிடிக்கும் நாச் கோப்புகள் இந்த வகைதான். ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் பதிவே தவறாகிவிடும்.

கணினிக்கு முன்பே இந்தக் கணக்கு நம் ஊரில் பழக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் படித்தவர்களைக் கேட்டால் இரண்டாம் தாளில் வரும் ஸ்டேட்மெண்டைப் பற்றிச் சொல்வார்கள். அட்டவணை ஒன்றைத் தாளின் நடுவில் அழகாக உட்காரவைக்க வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமான பதிவு எது என்று பார்த்து, அதன் எழுத்துகளை எண்ணி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த அகலத்தில் கழித்து, மிச்சத்தைப் பத்திகளுக்கு நடுவே பங்கிட்டு, டேப் ஸ்டாப் வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். தட்டச்சுப் பொறியில் வண்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரே அளவுதான் நகரும் என்பதால் இந்தக் கணக்கு பலித்தது. வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல்-கே, என் அழுத்தி நெடுவரிசையைப் பெயர்த்து வைத்த தலைமுறைக்கும் அதே உத்தரவாதம் இருந்தது. அன்றைய திரையில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறாது.

தட்டச்சுப் பொறி தமிழுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த இரா. முத்தையா வடிவமைத்த விசைப்பலகை அதற்கு அடிப்படை. அதில் புள்ளிக்கான விசை வண்டியை நகர்த்தாது; புள்ளியை முதலில் அடித்து அதே இடத்தில் மெய்யை அடிக்க வேண்டும். டு, கு போன்றவற்றுக்குத் தனி விசை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனியாக ஓர் இடம் பிடிக்கும். ஆகவே வேப்பம்பட்டு என்று அடித்தால் வண்டி 8 தடவை நகரும். படிப்பவர் எண்ணினால் 7 எழுத்து. இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றுதான், டைப்பிஸ்ட் மனக்கணக்கில் சமாளித்துவிடலாம்.

இன்றைய கணினியில் அதே பெயர் 12 குறி. யூனிகோடில் தமிழுக்கு உயிர்மெய் தனியாகக் கிடையாது. அகரமேறிய மெய்யையும் அதன்மேல் ஏறும் குறியையும் தனித்தனியாக வைத்துச் சேர்க்கிறார்கள். வே என்பது வ, பிறகு இரட்டைக்கொம்பு: இரண்டு குறி. ப் என்பது ப, பிறகு புள்ளி: இரண்டு. கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆக வேப்பம்பட்டு 36 பைட். எழுத்து 7, தட்டச்சு நகர்வு 8, குறி 12, பைட் 36. இந்தப் பெயர் எத்தனையாவது நெடுவரிசையில் முடிகிறது என்று கேட்டால், இவற்றில் எதைச் சொல்வது?

இந்தக் கேள்விக்கு எடிட்டருக்கு எடிட்டர் வேறு வேறு பதில் வைத்திருக்கிறது. அரக்கோணம் லைன் ஸ்டேஷன்களை வரிக்கு ஒன்றாக அடித்து, பக்கத்தில் ஏதோ ஓர் எண்ணைப் போட்ட பட்டியல் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவடி 3 எழுத்து, 4 குறி. நெமிலிச்சேரி 6 எழுத்து, 12 குறி. திருநின்றவூர் 7 எழுத்து, 13 குறி. வேப்பம்பட்டும் 7 எழுத்துதான், ஆனால் 12 குறி. செவ்வாய்ப்பேட்டை 8 எழுத்து, 16 குறி. எண்கள் எல்லாம் 21-ஆவது இடத்தில் தொடங்கட்டும் என்று ஒரு நிரல் எழுதினால், அது குறிகளை எண்ணி ஆவடிக்குப் பின் 16 இடைவெளியும் வேப்பம்பட்டுக்குப் பின் 8-உம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பின் 4-உம் போடும். கோப்புக்குள் கணக்கு துல்லியம். திரையில் பார்த்தால் எண்கள் கோணல்மாணல். சரி, கண்ணுக்கு நேராக நிற்கும்படி ஸ்பேஸ் தட்டி ஒழுங்குபடுத்துவோம் என்றால் இப்போது திரை நேர், கோப்புக்குள் கோணல். இரண்டையும் ஒரே சமயத்தில் நேராக வைக்க வழியில்லை.

ஆல்ட் பிடித்து இழுக்கும்போது எடிட்டர் இரண்டில் ஒன்றை நம்புகிறது. நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு அடியில் ஓடும் சின்டில்லா என்ற பொறி திரைத் தூரத்தை நம்புகிறது: இடது ஓரத்திலிருந்து இத்தனை பிக்சல் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் அந்தத் தூரத்துக்கு அருகில் உள்ள எழுத்து எல்லையைப் பிடிக்கிறது. கண்ணுக்கு நேராக ஒழுங்குபடுத்திய தமிழ்ப் பட்டியலில் இது ஓரளவு சரியாகவே வரும். விஷுவல் ஸ்டுடியோ கோட் எண்ணிக்கையை நம்புகிறது. மவுஸ் நிற்கும் தூரத்தை ஓர் ஆங்கில எழுத்தின் அகலத்தால் வகுத்து, இது இத்தனையாவது நெடுவரிசை என்று முடிவுகட்டுகிறது. பிறகு ஒவ்வொரு வரியிலும் அத்தனையாவது இடத்தைத் தேடிப் போகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றுதான். தமிழிலோ மவுஸ் ஓரிடத்தில் நிற்கும், தேர்வு வேறோரிடத்தில் விழும், அதுவும் வரிக்கு வரி தள்ளித் தள்ளி.

விழுந்தபின் பேக்ஸ்பேஸ் தட்டினால் அடுத்த கூத்து. பெரும்பாலான எடிட்டர்களில் பேக்ஸ்பேஸ் எழுத்தை அழிக்காது, கடைசிக் குறியை அழிக்கும். பெயர்களின் கடைசியில் கர்சர்களை நிறுத்தி ஒரு தடவை தட்டினால் திருநின்றவூர் புள்ளியை இழந்து நிற்கும், ஆவடி ஆவட ஆகும், வேப்பம்பட்டு வேப்பம்பட்ட என்று அரைகுறையாகும். அகரத்தில் முடியும் பெயர் ஏதாவது இருந்தால் அது மட்டும் முழு எழுத்தையும் பறிகொடுக்கும். ஒரே விசை, நான்கு வரியில் நான்கு விதமான சேதம். டெலிட் விசை வேறு மாதிரி. அது பல இடங்களில் முழு எழுத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பட்டியல் நீளமாக இருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது, அச்சாகி வந்தபின்தான் தெரியும்.

லினக்ஸ் முனையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் விசித்திரம் காத்திருக்கிறது. ஓர் எழுத்துக்குத் திரையில் எத்தனை கட்டம் என்று சொல்லும் பட்டியல் ஒன்றை முனையங்கள் பின்பற்றுகின்றன. தமிழைப் பொறுத்தவரை இடம் பிடிக்காத குறிக்கு 0, மற்றவற்றுக்கு 1. யூனிகோட் தரத்தில் தமிழ்ப் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகையில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இகரக் குறியும் கால்களும் கொம்புகளும் இடம் பிடிக்கும் வகையில். அதன்படி கீ ஒரு கட்டம், கி இரண்டு கட்டம்! குறிலுக்கு நெடிலைவிட இரண்டு மடங்கு இடம். நன்னூலாரிடம் சொன்னால் சிரிப்பார். கட் என்ற பழைய யூனிக்ஸ் கட்டளை இதைவிட மோசம். எழுத்துவாரியாக வெட்டு என்று சொன்னாலும் அதன் குனூ வடிவம் நீண்ட காலம் பைட்வாரியாகத்தான் வெட்டியது. முதல் 4 எழுத்தைக் கேட்டால் வேப்பம்பட்டிலிருந்து ஒரு வ-வும், எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு பைட்டும் கிடைக்கும்.

எழுத்து என்றால் எது என்பதில் தரங்களுக்கே முழுத் தெளிவு வரவில்லை. படிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் தொகுதியைப் பிரிக்க யூனிகோட் ஒரு விதிமுறை வைத்திருக்கிறது. 2023-இல் அதில் தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துமுறைகளின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் வைக்கும் விதி சேர்ந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் லக்ஷ்மி என்ற பெயரில் நம் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் க்ஷ் விதிப்படி இரண்டு துண்டு. மற்றபடி தமிழில் கூட்டெழுத்து அபூர்வம் என்பதால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் க்ஷ் வரும் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலும் பள்ளிப் பதிவேட்டிலும் குறைவா என்ன?

இந்தத் தொல்லைக்கு வேரிலேயே மருந்து தேடியவர்களும் உண்டு. யூனிகோடுக்கு முன்பு தமிழ்க் கணினி 8 பிட் எழுத்துருக்களில் ஓடியது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டேப், டேம் என்ற குறியேற்றங்களைத் தரமாக்கியது. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்குத்தான் குறி; கொம்பு முதலில், மெய் பிறகு, பார்க்கும் வரிசையிலேயே இருக்கும். தட்டச்சுப் பொறியின் கணக்குக்கு அது நெருக்கம். பிறகு வந்த டேஸ்-16 இன்னும் ஒரு படி மேலே போய் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனியாக ஒரே குறி கொடுத்தது. 2010 ஜூனில் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது தமிழக அரசு யூனிகோடோடு இதையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16-இல் வேப்பம்பட்டு 7 எழுத்து, 7 குறி. எண்ணிக்கையை நம்பும் எடிட்டருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் யூனிகோட் அதைத் தன் தரத்துக்குள் ஏற்கவில்லை. தனியார் பயன்பாட்டு இடத்தில்தான் அது குடியிருக்கிறது. அந்த வாதம் முடிந்துபோன வாதம் என்றே நினைக்கிறேன். அது ஜெயித்திருந்தாலும் பாதிப் பிரச்சினைதான் தீர்ந்திருக்கும். ட-வின் அகலத்திலேயே ணை-யையும் ஔ-வையும் அடைத்தால் படிக்க முடியாது. குறி ஒன்றானாலும் அகலம் ஒன்றாகாது.

ஆக, தமிழுக்குக் கட்டத்தை வரவழைக்க முடியாது என்றால், கட்டத்தை விட்டுவிடுவதுதான் வழி. கணினி உலகமும் வேறு காரணங்களுக்காக அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. பெல் ஆய்வகத்தின் ராப் பைக் 1987-இலேயே, கோப்பை வரி வரியாகப் பார்க்காமல் வடிவத்தைச் சொல்லி அது பொருந்தும் இடங்களில் எல்லாம் கட்டளையை ஓட்டலாம் என்று காட்டினார். அவருடைய சாம் எடிட்டர் அப்படித்தான் வேலை செய்தது. ராபர்ட் மில்லரும் பிராட் மையர்ஸும் 2001-இல் பல இடங்களை ஒரே நேரத்தில் திருத்தும் முறையை ஆய்வுக் கட்டுரையாகவே முன்வைத்தார்கள். அதைப் பெருவழக்காக்கியது 2008-இல் வந்த சப்ளைம் டெக்ஸ்ட். பல கர்சர் என்று சொல்கிறோமே, அது. செவ்வகத்தில் எல்லாக் கர்சரும் ஒரே நெடுவரிசையில் நிற்க வேண்டும். இதில் ஒவ்வொரு கர்சரும் அதன் வரியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

இதை ஸ்டேஷன் பட்டியலில் செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். விஷுவல் ஸ்டுடியோ கோடில் வரிகளைச் சாதாரணமாகத் தேர்ந்துகொண்டு ஷிஃப்ட்-ஆல்ட்-ஐ அழுத்தினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கர்சர் நிற்கும். கன்ட்ரோலோடு இடது அம்பைத் தட்டினால் எல்லாம் கடைசிச் சொல்லைத் தாண்டி, எண்ணின் முன்னால் வந்து நிற்கும். பெயர் நாலு குறியா பதினாறு குறியா என்பது யாருக்கு வேண்டும்? அங்கே 2 என்றோ 044 என்றோ அடித்துக்கொள்ளலாம். காற்புள்ளியோ டேபோ இடையில் இருந்தால் இன்னும் சுலபம்: ஒன்றைத் தேர்ந்து கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எல் அழுத்தினால் கோப்பில் உள்ள அத்தனையிலும் கர்சர் விழும். நம் கணக்கரின் டிடிஎஸ் கோப்பும் இந்த ஜாதிதான். அதில் புலங்களைப் பிரிப்பது கேரட் குறி. ஏழாவது புலம் வரிக்கு வரி வேறு இடத்தில் நிற்கும். அங்கே செவ்வகம் போட நினைப்பவர் அபராதத்தை எதிர்பார்க்கலாம்.

எக்ஸெலில் போட்டால் போச்சு, எதற்கு இந்த வம்பு என்று கேட்பவர்கள் உண்டு. பட்டியல்தான் வேலை என்றால் எக்ஸெல் நல்ல பதில்தான். ஆனால் அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. சிஎஸ்வி கோப்பை நேராகத் திறந்தால் 044-இன் முன் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 12 இலக்க ஆதார் எண்ணைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். 16 இலக்க அட்டை எண் என்றால் 15 இலக்கம்வரைதான் அதன் நினைவு. கடைசி இலக்கம் பூஜ்யமாகி, அப்படியே சேமித்தும் விடும். எழுத்து எடிட்டர் எதையும் தானாக மாற்றாது என்ற ஒரே நம்பிக்கைக்காகத்தான் பலர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எக்ஸெல் 2013-இல் வந்த ஃபிளாஷ் ஃபில் மட்டும் மெச்சத்தக்கது: ஒன்றிரண்டு வரியில் எப்படி மாற்ற வேண்டும் என்று காட்டினால் மிச்சத்தை அதுவே ஊகிக்கும். கான்பூர் ஐஐடியில் படித்த சுமித் குல்வானியின் ஆய்வில் விளைந்தது. ஊகம் என்பதால் கடைசி வரி வரை ஒரு பார்வை பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது.

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் தமிழை எண்ண வேண்டிய இடத்தில் பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பயன்படுத்தலாம். சரத்தைக் குறிகளாக இல்லாமல் எழுத்துகளாகப் பிரித்துக் கொடுக்கும் வசதி அதில் உண்டு; வேப்பம்பட்டுக்கு 7 என்றே விடை வரும். பெருமாள்பட்டுப் பக்கம் இறுதியாண்டு புராஜெக்ட் தேடும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இந்த எண்ணிக்கையை வைத்து நெடுவரிசைத் தேர்வு செய்யும் நீட்சி ஒன்றை எழுதுங்கள். வருகைப்பதிவு ஆப்பை இன்னொரு தடவை செய்வதைவிட உபயோகமாக இருக்கும்.

டிடிபி கடைக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பட்டியலில் ஸ்பேஸ் தட்டி நேராக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, பெயருக்கும் அடுத்த புலத்துக்கும் நடுவே ஒரே ஒரு டேப் வைத்தால் பாதி வேலை முடிந்தது. அப்போது நெடுவரிசை என்பது எத்தனையாவது டேப் என்பதாகிவிடும், அகலத்துக்கு அதில் வேலையில்லை. திரையில் கோணலாகத் தெரிகிறதே என்றால் அதற்கும் வழி உண்டு. நிக் கிராவ்கார்ட் என்பவர் முன்வைத்த எலாஸ்டிக் டேப்ஸ்டாப்ஸ் என்ற யோசனைப்படி, ஒரு நெடுவரிசையில் மிக அகலமான பதிவு எதுவோ அதை அளந்து எடிட்டரே டேப்பை நீட்டிக் குறுக்கிக்கொள்ளும். டைப்ரைட்டிங் ஸ்டேட்மெண்டில் கையால் போட்ட கணக்கை இங்கே எடிட்டர் போடுகிறது, எழுத்தை எண்ணாமல் பிக்சலை அளந்து. கோப்புக்குள் டேப் ஒன்றுதான், திரையில் எண்கள் நேர்க்கோட்டில். பெரும்பாலான எடிட்டர்களில் இது இயல்பாக வருவதில்லை. நோட்பேட் பிளஸ் பிளஸுக்கு இதே பெயரில் ஒரு பிளக்-இன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால், எண்கள் நிற்கும் புலங்களில் ஆல்ட் விசையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். தமிழ்ப் பெயர்கள் நிற்கும் புலத்தில் மட்டும் வேண்டாம். அங்கே பெயரின் முன்னாலோ பின்னாலோ உள்ள டேபைப் பிடித்துக்கொண்டே வேலையை முடித்துக்கொள்ளலாம்.